பழைய பொட்டிக்கு பட்டா யார் பேர்ல?

முதலில் டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. பொறியியல் படித்துவிட்டு பொட்டி தட்டிப் பிழைப்பவன். இந்தப் பதிவை நம்பி யாரும் கேஸ் போடவும் வேண்டாம், கேஸ் வாங்கவும் வேண்டாம் :-)

1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்று ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கிளைவ் சின்கிளேரின் கம்பெனி தயாரிப்பு. விலை 125 பவுண்டில் ஆரம்பம். ரப்பர் கீபோர்டு. வீட்டு டிவிதான் மானிட்டர், கேசட் பிளேயர்தான் ஹார்ட் டிஸ்க். அதை ஆன் செய்தால் வெள்ளைத் திரையின் அடியில் ஒரே ஒரு வரி வரும். வணக்கம் கிடையாது, லோகோ கிடையாது. பதிப்புரிமைக் குறி, 1982, சின்கிளேர் ரிசர்ச் லிமிடெட். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பேசுகிற முதல் வார்த்தையே "நான் இன்னாருக்குச் சொந்தம்" என்பதுதான்.

40 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கு அந்தப் பொட்டியை திரும்பச் செய்ய ஆசைப்படுபவர்கள் உலகம் பூரா இருக்கிறார்கள். பழைய சிப்புகளைத் தேடிப் பிடித்து அப்படியே செய்பவர்கள் ஒரு ரகம். எஃப்பிஜிஏ சிப்புக்குள் மொத்த சர்க்யூட்டையும் எழுதிவிடுபவர்கள் இன்னொரு ரகம். எங்கள் டீமில் இருக்கும் ஒரு தம்பி இரண்டாவது ரகம். ஆணி இல்லாத சனிக்கிழமைகளில் ஒரு போர்டு டிசைன் பண்ணிக்கொண்டிருந்தான். கிட்டாகப் போட்டு காலேஜ் பசங்களுக்கு விற்கலாம் என்று யோசனை.

"ரோம் எங்கேருந்துடா எடுத்தே?"ன்னு கேட்டேன்.

"நெட்லதாண்ணே கெடக்கு. 40 வருஷத்து சரக்கு, யாருண்ணே வந்து கேக்கப் போறா?"

நியாயமான கேள்விதான். ஆனால் வந்து கேட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

ரோம் என்றால் இத்தாலி ரோம் இல்லை. காலேஜில் மைக்ரோபிராசசர் லேபில் 8085 கிட் தட்டியவர்களுக்கு சுலபமாகப் புரியும். ஸ்விட்சைப் போட்டதும் எதுவும் லோடு பண்ணாமலே கிட் நாம் தட்டுகிற எண்களை வாங்கிக்கொள்ளும் அல்லவா? அதைச் செய்வது ஓர் ஈப்ராம் சிப்பில் நிரந்தரமாக எழுதி வைத்த மானிட்டர் புரோகிராம். அதைப் பிடுங்கிவிட்டால் கிட் வெறும் பச்சைப் பலகை. ஸ்பெக்ட்ரமில் அந்த இடத்தில் இருப்பது 16 கிலோபைட். கேம்பிரிட்ஜில் இருந்த நைன் டைல்ஸ் என்ற சின்னக் கம்பெனி சின்கிளேருக்காக எழுதிக்கொடுத்தது. இன்றைய கணக்கில் ஒரு வாட்ஸப் ஸ்டிக்கர் அளவுகூட இல்லை.

இங்கே ஒரு வார்த்தைத் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். நம்ம பத்திரிகைகளில் காப்பிரைட்டுக்கும் காப்புரிமை என்கிறார்கள், பேட்டன்ட்டுக்கும் காப்புரிமை என்கிறார்கள். இந்தப் பதிவில் காப்பிரைட் என்றால் பதிப்புரிமை, பேட்டன்ட் என்றால் காப்புரிமை. இரண்டையும் குழப்பினால் மொத்தக் கதையும் குழம்பிவிடும், ஏனென்றால் காப்புரிமையின் ஆயுள் 20 வருஷம். 80-களின் கம்ப்யூட்டர்கள் மீது இருந்த காப்புரிமை எல்லாம் எப்போதோ காலாவதி. சிப்பின் உள்வரைபடத்துக்குத் தனிச் சட்டம் உண்டு, அமெரிக்காவில் 1984-லும் இந்தியாவில் 2000-லும் வந்தது. அதன் ஆயுள் 10 வருஷம்தான். ஆக சர்க்யூட்டை மறுபடி கட்டுவதில் வில்லங்கம் அநேகமாக இல்லை. ஸ்பெக்ட்ரமின் யூஎல்ஏ என்ற மர்ம சிப்பை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பிரித்துப் படித்து கிறிஸ் ஸ்மித் என்பவர் 2010-ல் ஒரு புத்தகமே போட்டார். ஒரு பிரச்சினையும் இல்லை.

ஆனால் அந்த 16 கேபி மென்பொருள் "எழுத்து". சட்டத்தின் கண்ணில் அதுவும் பொன்னியின் செல்வனும் ஒரே ஜாதி, இலக்கியப் படைப்பு. அமெரிக்கச் சட்டப்படி ஒரு கம்பெனி சம்பளம் கொடுத்து எழுத வைத்த புரோகிராமுக்கு வெளியான வருஷத்திலிருந்து 95 வருஷம் ஆயுள். 1977-ல் வந்த ஆப்பிள் 2 ரோம் 2072 முடியும் வரை. 1981 ஐபிஎம் பிசியின் பயாஸ் 2076 முடியும் வரை. பிரிட்டனில் எழுதியவர் இறந்து 70 வருஷம். அதாவது பொட்டியின் சிலிக்கான் மக்கி மண்ணாகப் போனாலும் அதற்குள் இருந்த எழுத்துக்கு பட்டாதாரர் இருந்துகொண்டே இருப்பார்.

ரோமுக்குள் இருப்பது "எழுத்து" என்பதே ஒரு காலத்தில் சண்டையாக இருந்தது. நியூஜெர்சியில் ஃப்ராங்க்ளின் என்று ஒரு கம்பெனி. 1982-ல் ஏஸ் 100 என்று ஆப்பிள் 2-க்கு ஒரு நகல் செய்தது. ஆப்பிளுக்கு எழுதின எந்த சாஃப்ட்வேரும் அதில் ஓடும். எப்படி ஓடாமல் இருக்கும், ஆப்பிளின் ரோமையே ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தார்களே! பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன் அவன் பேரையும் நம்பரையும் சேர்த்து எழுதினான் என்று ஒரு ஜோக் உண்டு இல்லையா, நிஜமாகவே அதுதான் நடந்தது. ஃப்ராங்க்ளினின் புரோகிராம்களுக்குள் ஜேம்ஸ் ஹஸ்டன் என்ற ஆப்பிள் புரோகிராமரின் பெயர் அப்படியே கிடந்தது. ஆப்பிள்சாஃப்ட் என்ற சொல்லும் கிடந்தது.

ஆப்பிள் கேஸ் போட்டபோது ஃப்ராங்க்ளின் ஆயிரம் பொட்டிகூட விற்றிருக்கவில்லை. கோர்ட்டில் அவர்கள் காப்பி அடிக்கவில்லை என்று சாதிக்கவில்லை. அவர்கள் வாதம் வேறு மாதிரி, யோசித்துப் பார்த்தால் அசட்டுத்தனமானதும் இல்லை. ரோம் என்பது இயந்திரத்தின் ஒரு பாகம். ஒன்றும் பூஜ்யமுமாக இருப்பதை எந்த மனுஷனும் படித்து ரசிப்பதில்லை, அது எப்படி எழுத்தாகும்? தவிர, ஆப்பிள் சாஃப்ட்வேர் ஓட வேண்டுமென்றால் இப்படித்தான் இருந்தாக வேண்டும், வேறு வழியில் எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவராது என்றார்கள். கீழ்க்கோர்ட் நீதிபதிக்கே சந்தேகம் வந்து, தடை உத்தரவு தர மறுத்துவிட்டார்.

ஆப்பிள் மேல்முறையீடு போனது. 1983 ஆகஸ்ட் 30-ம் தேதி பிலடெல்பியாவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தலைகீழாகத் தீர்ப்பு சொன்னது. ரோமில் இருந்தாலும் புரோகிராம் புரோகிராம்தான். மனுஷன் படிக்கிறானா இல்லையா என்பது பேச்சே இல்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் பதிப்புரிமை உண்டு. அதே வேலையைச் செய்ய இன்னொரு புரோகிராம் எழுத முடியும் என்றால், எழுதின விதம் எழுதினவனுக்குச் சொந்தம். ஆப்பிள் சாஃப்ட்வேர் எல்லாம் ஓட வேண்டும் என்பது உன் வியாபார ஆசை, அதற்கும் பதிப்புரிமைக்கும் சம்பந்தமில்லை. 1984 ஜனவரியில் ஃப்ராங்க்ளின் 25 லட்சம் டாலர் கொடுத்து சமாதானம் ஆனது. கம்பெனி பிற்பாடு கையடக்க எலக்ட்ரானிக் டிக்ஷனரி விற்றுப் பிழைத்துக்கொண்டது.

இன்றைக்கு பழைய கம்ப்யூட்டர் செய்கிற ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் உட்கார்ந்து சால்டரிங் செய்கிறார்கள். தீர்ப்பில் ஒரு ஜன்னலும் இருக்கிறது, கவனித்தீர்களா? "இன்னொரு விதமாக எழுத முடியும் என்றால்". சரி, எழுதிவிட்டால்?

ஐபிஎம் பிசி விஷயத்தில் எழுதினார்கள். 1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது அதன் பயாஸின் சோர்ஸ் கோடை டெக்னிக்கல் மேனுவலில் ஐபிஎம்மே அச்சடித்துப் போட்டது. என்ன தாராளம் என்று தோன்றும். ஆனால் அதைப் படித்த எவனும் பிறகு சொந்தமாக பயாஸ் எழுதினேன் என்று சத்தியம் பண்ண முடியாது. படித்தாயா இல்லையா என்று கோர்ட்டில் கேட்டால் என்ன சொல்வான்? 1984-ல் ஈகிள், கொரோனா என்ற இரண்டு கம்பெனிகள் மேல் ஐபிஎம் வழக்குப் போட, இருவரும் பயாஸை மாற்றுகிறோம் என்று பணிந்துபோனார்கள்.

ஃபீனிக்ஸ் என்ற கம்பெனி செய்ததுதான் பிறகு எல்லோரும் பின்பற்றும் வழி ஆனது. ஒரு குழு ஐபிஎம் பயாஸைப் பிரித்துப் படிக்கும். அது என்னென்ன செய்கிறது, எந்த முகவரியில் எதை எதிர்பார்க்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுக்கும், ஒரு வரி கோடு கூட இல்லாமல். இன்னொரு அறையில், ஐபிஎம் கோடைக் கண்ணாலும் பார்க்காத ஆள் அந்த விவரத்தை மட்டும் வைத்து புதிதாக எழுத வேண்டும். ஃபீனிக்ஸ் அதற்குப் பிடித்த ஆள் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ் சிப்பில் பழகியவர், இன்டெல் சிப்பில் வேலை செய்த அனுபவமே இல்லாதவர். நம்ம ஊர் எச்ஆர் இதைக் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார்கள். அனுபவம் இல்லாததே தகுதி!

அப்படியானால் ஸ்பெக்ட்ரம் ரோமையும் இதேபோல் இரண்டு அறை போட்டு எழுதிவிட வேண்டியதுதானே? இங்கேதான் சுவாரஸ்யமே. ஒரு தெருவில் வீடுகளை இடித்துக் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கதவு எண் மாறக்கூடாது, உள்ளே எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். பயாஸ் அந்த மாதிரி, பெரும்பாலான புரோகிராம்கள் முன்கதவு வழியாகத்தான் வரும். ஸ்பெக்ட்ரம் கேம் எழுதிய பசங்களோ கொல்லைப்புறம், ஜன்னல், ஓட்டைப் பிரித்து இறங்குவது என்று சகல வழியிலும் வந்தவர்கள். 48 கேபி மெமரியில் கேம் எழுதுபவனுக்கு ஒவ்வொரு பைட்டும் காசு.

ஓர் உதாரணம் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்பெக்ட்ரம் ரோமின் கடைசிப் பகுதியில் 14446-ம் முகவரியிலிருந்து 1170 பைட் காலி இடம். எழுதி முடிக்காமல் விட்ட இடம், முழுக்க 255 என்ற எண் நிரம்பி இருக்கும். கேம் எழுதியவர்கள் அதைக் கண்டுபிடித்து, இசட்80 சிப்பின் இன்டரப்ட் அட்டவணையாக அதைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அட்டவணையை நம்ம மெமரியில் வைத்தால் 257 பைட் செலவு, இங்கே ஓசியில் கிடைக்கிறது. ஆக, ஒன்றுமே எழுதாத அந்தக் காலி இடத்தை நீங்கள் மாற்றினால்கூட அந்த கேம்கள் படுத்துவிடும். ரோமின் பைட்டுகளை எடுத்து வெடிச்சத்தமாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. அதே பொட்டி வேண்டும் என்றால் அதே எழுத்துதான் வேண்டும். ஃப்ராங்க்ளின் சொன்ன "வேறு வழியில்லை" இங்கே கிட்டத்தட்ட உண்மை. ஆனால் சட்டத்துக்கு அது கவலை இல்லை.

அப்புறம் எப்படி ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்கள் இத்தனை சுதந்திரமாக உலவுகின்றன? 1986 ஏப்ரலில் சின்கிளேர் நஷ்டத்தில் இருந்தபோது கம்ப்யூட்டர் உரிமைகளையும் பெயரையும் 50 லட்சம் பவுண்டுக்கு ஆம்ஸ்ட்ராட் வாங்கிக்கொண்டது. 90-களில் ஆர்வலர்கள் எமுலேட்டர் எழுத ஆரம்பித்தார்கள். கூடவே ரோமையும் கொடுத்தால் திருட்டு, கொடுக்காவிட்டால் எமுலேட்டர் ஓடாது. 1999-ல் யாரோ நேராக ஆம்ஸ்ட்ராட்டையே கேட்டுவிட்டார்கள். கிளிஃப் லாசன் என்ற ஆம்ஸ்ட்ராட் பொறியாளர் இணையச் செய்திக்குழுவில் பகிரங்கமாகப் பதில் போட்டார். எமுலேட்டர் எழுதுபவர்கள் ரோமைச் சேர்த்துக் கொடுக்கலாம். உரிமை எங்களுடையதுதான், விட்டுத்தரவில்லை. ஆம்ஸ்ட்ராட் அனுமதித்தது என்று ஒரு வரி போட்டால் சந்தோஷம். பதிப்புரிமை அறிவிப்பை மட்டும் மாற்றக்கூடாது.

ஆரம்பத்தில் சொன்னேனே, ஆன் செய்ததும் வருகிற அந்த ஒரே வரி. அதைத் தொடாதே என்பதுதான் நிபந்தனை.

இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். நம்ம பதிவை எவனாவது சுட்டுப் போட்டால் நாம் கேட்பது என்ன? காசா கேட்கிறோம்? "பேரைப் போட்டுத் தொலைடா" என்றுதானே கத்துகிறோம். அதே ரகம்தான். பெரிய கம்பெனி ஒன்று அந்த அளவோடு நிறுத்திக்கொண்டது ஆச்சரியம்தான். ஸ்பெக்ட்ரம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது என்றால் அந்தப் பதிலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

ஆனால் அந்த அனுமதி எமுலேட்டர்காரர்களுக்கு. பெயர் தனி விஷயம். 2007-ல் ஆம்ஸ்ட்ராட்டை ஸ்கை டிவி நிறுவனம் வாங்கியது, பெயருக்கான உரிமையும் அங்கே போனது. 2017-ல் கூட்டுநிதி திரட்டி ஆரம்பித்த ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட் குழு ஸ்கையிடம் முறையாக லைசென்ஸ் வாங்கிக்கொண்டுதான் அந்தப் பெயரைப் பொறித்தது. அதற்கு முன் 2016-ல் வேகா பிளஸ் என்று கையடக்கப் பொட்டி ஒன்றுக்கு இதேபோல் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் வசூலானது. பொருள் வர வருஷக்கணக்கில் தாமதம். 2018-ல் ஸ்கை பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி மூடப்பட்டது.

கமடோர் 64 பக்கம் போனால் இன்னும் கூத்து. 1994-ல் கமடோர் திவால். சொத்து எஸ்காம் என்ற ஜெர்மன் கம்பெனிக்குப் போனது, அதுவும் 1996-ல் திவால். பிறகு பெயர் ஒருவரிடம், அமிகா இன்னொருவரிடம் என்று பாகப்பிரிவினை ஆகிவிட்டது. ஒரு தாத்தா சொத்து நான்கு பங்காளியிடம் போன கதைதான். 2018-ல் ஒரு கம்பெனி கமடோர் 64-ஐ சின்ன அளவில் மறுபடி செய்து விற்றபோது பெட்டியில் கமடோர் என்ற சொல்லையே காணோம். வெறும் "தி சி64". எல்லோருக்கும் என்னவென்று தெரியும், பெயர் மட்டும் சொல்ல முடியாது. ஊரில் சில மாமியார்கள் மருமகன் பெயரைச் சொல்ல மாட்டார்களே, அந்த மாதிரி. 2025-ல் ஒரு ரசிகர் குழு கமடோர் பெயரை விலைக்கு வாங்கியது, அப்புறம்தான் பெயரோடு பொட்டி வந்தது.

நல்ல மனசோடு கொடுத்த அனுமதியும் சில சமயம் சொதப்பும். கேரி கில்டாலின் சிபி/எம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உரிமை கைமாறிக் கைமாறி லீனியோ என்ற கம்பெனியிடம் இருந்தது. 2001-ல் ஓர் ஆர்வலரின் வலைத்தளம் அதை வைத்துக்கொள்ளலாம் என்று அதன் தலைவர் பிரையன் ஸ்பார்க்ஸ் அனுமதி எழுதிக் கொடுத்தார். வாசகம் எப்படி இருந்தது என்றால், அந்த ஒரு தளத்துக்கு மட்டுமா, ஊருக்கே பொதுவா என்று புரியாது. இசட்80 கம்ப்யூட்டர் கட்டுபவர்கள் எல்லோரும் அதை நம்பி, ஆனால் ஒரு கண் வாசலிலேயே வைத்துக்கொண்டு, 21 வருஷம் ஓட்டினார்கள். 2022-ல் யாரோ அவரையே தேடிப்பிடித்துக் கேட்க, எல்லோருக்கும்தான் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். ஒரு வாக்கியத்தை ஒழுங்காக எழுதாததன் விலை 21 வருஷம்! நம்மைப் போல எழுதிக் கிழிப்பவர்களுக்கு இது ரொம்பவே உறைக்க வேண்டும்.

நம்ம ஊர் சட்டம்? 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1984 திருத்தத்தின் மூலம் கம்ப்யூட்டர் புரோகிராம் இலக்கியப் படைப்பு ஆனது. பெர்ன் ஒப்பந்தத்தில் நாம் இருப்பதால் வெளிநாட்டுக்காரன் எழுத்துக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. "அமெரிக்கக்காரன் இங்கே வந்து என்ன பண்ணுவான்" என்பது தைரியம், சட்டம் இல்லை. அதே சட்டத்தின் 52-வது பிரிவில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. முறையாகக் கையில் வைத்திருக்கும் புரோகிராம் எப்படி வேலை செய்கிறது என்று கவனித்து, சோதித்து, படிக்கலாம். அதனோடு ஒத்துப் போகிற சொந்தப் புரோகிராம் எழுத தேவையான தகவலை, வேறு வகையில் எளிதாகக் கிடைக்காவிட்டால், அதிலிருந்து எடுக்கலாம். இரண்டு அறை வித்தைக்கு இங்கேயும் இடம் இருக்கிறது.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டில் பலர் செய்வதைத்தான் அவனும் செய்வதாக இருக்கிறான். போர்டு, பாகங்கள் எல்லாம் கிட்டில் இருக்கும், ஈப்ராம் சாக்கெட் மட்டும் காலி. பெயரும் ஸ்பெக்ட்ரம் இல்லை. கூடவே சொந்தமாக ஒரு சின்ன மானிட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறான், 8085 கிட்டில் இருந்த மாதிரி. கேம் ஓடாது, ஆனால் ஆன் செய்தால் உயிர் வரும்.

இன்னொரு நல்ல சேதி. 1976-ல் பில் கேட்ஸ் ஹாபியிஸ்டுகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார், என் பேசிக்கை காசு கொடுக்காமல் திருடுகிறீர்கள் என்று. அந்த பேசிக்கின் 6502 வடிவத்தைத்தான் கமடோர் 1977-ல் லைசென்ஸ் வாங்கித் தன் பொட்டிகளில் போட்டது. 2025 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அதன் 1.1 பதிப்பின் மூலநிரலை, சுமார் 7000 வரி அசெம்பிளியை, எம்ஐடி லைசென்ஸில் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். கமடோர் தன் பங்குக்கு மாற்றியதும் சேர்த்ததும் இதில் சேராது. கமடோர் 64-ல் பேசிக்குக்கு 8 கேபி, அதற்குத் துணையாக கெர்னலுக்கு 8 கேபி. முதல் எட்டின் அஸ்திவாரம் இப்போது ஊர்ப் பொது. கெர்னலை கமடோரே எழுதியது, அமெரிக்கக் கணக்குப்படி அதற்கு 2077 டிசம்பர் 31 வரை பட்டா இருக்கிறது.